சக்கர நாற்காலியோடு சென்னையிலிருந்து சிங்கப்பூர்: முழுமையான பயண வழிகாட்டி

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் எங்கே என்று கேட்டால் சிங்கப்பூர் என்று தயங்காமல் சொல்லலாம். சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு, பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் நாற்காலி ஏறும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று.

பெரும்பாலான சிக்கல்கள் போய் இறங்குவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. காரணமும் அநேகமாக ஒன்றுதான்: நாற்காலியைப் பற்றிய விவரம் எழுத்தில் யாரிடமும் இல்லை. "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் பதிந்தால், விமான நிலையம் தன்னிடமுள்ள நாற்காலியையும் தள்ளிச்செல்ல ஓர் ஆளையும் அனுப்பும். 80 கிலோ எடையுள்ள பேட்டரி நாற்காலி ஒன்று வரப்போகிறது என்று சரக்கு ஏற்றுபவருக்குத் தெரியாது. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் எண்ணோடு, மின்னஞ்சலில் செய்யுங்கள். தொலைபேசியில் பேசியதை கவுன்ட்டரில் காட்ட முடியாது.

டிக்கெட் எடுக்கும் முன் அளந்து குறியுங்கள்

டேப் எடுத்து நாற்காலியின் நீளம் (ஃபுட்ரெஸ்ட்டோடு), அகலம் (சக்கரத்தின் வெளிப்பக்கத்தில், இருக்கையில் அல்ல), உயரம் ஆகியவற்றை செ.மீ.யில் எழுதுங்கள். மடித்த நிலையிலும் அதே மூன்று அளவுகள். பிறகு எடை. வீட்டுத் தராசு போதாது என்றால் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றுங்கள்.

பேட்டரி நாற்காலிக்கு இதில் முக்கியமான எண் உயரம். போயிங் 737 விமானத்தின் சரக்குக் கதவு ஏறத்தாழ 85 செ.மீ. உயரம்தான். ஏர்பஸ் ஏ320 வகையில் சுமார் 120 செ.மீ. முதுகுப்பகுதி மடங்காத நாற்காலி 737-க்குள் நிமிர்ந்தபடி போகாது. அதைச் சாய்த்துப் படுக்கவைத்து ஏற்றும்போதுதான் ஜாய்ஸ்டிக் ஒடிகிறது, ஆர்ம்ரெஸ்ட் வளைகிறது. எந்த ரக விமானம் என்பது டிக்கெட் பதியும் பக்கத்திலேயே இருக்கும். நாற்காலி 85 செ.மீ.க்கு மேல் என்றால், அதே நாளில் போகும் வேறு ரக விமானத்தைத் தேர்ந்தெடுப்பது பல சமயம் 2,000 ரூபாய் வித்தியாசத்தில் முடிந்துவிடும். அது நல்ல செலவு.

டிக்கெட்டில் எந்தக் குறியீடு?

உலகம் முழுதும் விமான நிறுவனங்கள் மூன்று குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. டபிள்யூசிஎச்ஆர் என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்க முடியாது. டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் தன் இருக்கைவரை நடப்பார். டபிள்யூசிஎச்சி என்றால் நடக்கவே முடியாது, இருக்கைவரை கொண்டுசென்று உட்காரவைக்க வேண்டும். இணையத்தில் பதியும்போது பலர் முதல் பெட்டியிலேயே டிக் செய்துவிடுகிறார்கள். அந்தப் பிழையின் விலை பெரியது. டபிள்யூசிஎச்ஆர் என்று இருந்தால் ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவோடு இணைக்கும் நடைபாலம்) இல்லாத இடத்தில் நிற்கும் விமானத்துக்கு, நாற்காலியோடு கதவுவரை உயர்த்தும் ஆம்புலிஃப்ட் வண்டி வராது, படிக்கட்டின் அடியில் காக்கவைப்பார்கள். நடக்க முடியாதவர் "டபிள்யூசிஎச்சி" என்ற எழுத்துகள் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த நாற்காலிக்குத் தனிக் குறியீடு உண்டு. கையால் தள்ளுவது டபிள்யூசிஎம்பி, உலர் பேட்டரி டபிள்யூசிபிடி, லித்தியம் டபிள்யூசிஎல்பி. இரண்டு வகைக் குறியீடும் பதிவாக வேண்டும், ஒன்று ஆளுக்கு, மற்றது நாற்காலிக்கு.

இந்தியாவில் இதற்கான விதிகளை வகுப்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ. உடல் குறைபாடு ஒன்றையே காரணமாகச் சொல்லி பயணியை மறுக்க முடியாது, உதவிக்குக் கட்டணமும் கேட்க முடியாது. தேவையை 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது பயணியின் பங்கு. உடல்நிலை நிலையாக இருப்பவரிடம் மருத்துவச் சான்று கேட்க வேண்டியதில்லை. ஆக்ஸிஜன், ஸ்ட்ரெச்சர், அண்மையில் அறுவைசிகிச்சை போன்றவை இருந்தால்தான் மெடிஃப் எனும் மருத்துவத் தகவல் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்க வேண்டிவரும்.

பேட்டரி: பயணம் நின்றுபோகும் இடம்

ஈய-அமில வகையில் ஜெல் அல்லது ஏஜிஎம் பேட்டரி என்றால் பெரிய தொல்லை இல்லை. நாற்காலியில் உறுதியாகப் பொருத்தி, முனைகளை மூடி, மின்னோட்டம் துண்டிக்கப்பட்டிருந்தால் அப்படியே ஏற்றலாம். 'சிந்தாத வகை' என்று பேட்டரி மேல் எழுதியிருக்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் விற்றவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்.

லித்தியம்தான் கணக்கு பார்க்க வேண்டியது. வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர். மடக்கு நாற்காலிகளில் பேட்டரியைக் கழற்றிக் கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கழற்றும் பேட்டரி ஒன்றுதான் என்றால் 300 வாட் ஹவருக்குள் இருக்க வேண்டும். நாற்காலி இரண்டு பேட்டரியில் ஓடுவது என்றால் ஒவ்வொன்றும் 160-க்குள். உபரியாக 300-க்குள் ஒன்று, அல்லது 160-க்குள் இரண்டு கொண்டுபோகலாம்.

இந்தியச் சந்தையில் கிடைப்பவற்றை வைத்துப் பாருங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 240, போகும். 24 வோல்ட், 6 ஆம்பியர் ஹவர் இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 144, போகும். 24 வோல்ட், 20 ஆம்பியர் ஹவர் என்றால் 480, கழற்றக்கூடிய பேட்டரியாக அது போகாது. 12 ஆம்பியர் ஹவரில்தான் பலர் மாட்டுகிறார்கள். லேபிளில் 24 வோல்ட் என்றிருந்தால் 288 வரும். அதே பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாக இருந்து 25.6 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் 307 வரும், வரம்பைத் தாண்டிவிட்டது. கவுன்ட்டரில் லேபிளில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார்கள். நாற்காலி வாங்கப்போகிறவர்கள் இதைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

நாற்காலியோடு நிரந்தரமாகப் பொருத்தி, பாதுகாப்பான உறைக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு இந்த 300 கணக்கு பொருந்தாது. அது நாற்காலியிலேயே இருக்கும். ஆனால் விமான நிறுவனம் முன்கூட்டியே ஒப்புதல் தந்திருக்க வேண்டும்.

உள்ளூரில் செல்களைச் சேர்த்துக் கட்டிய, லேபிளே இல்லாத பேட்டரி எவ்வளவு நன்றாக ஓடினாலும் விமானத்துக்கு ஆகாது. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதைக் காட்டும் யூஎன் 38.3 சான்றைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கி, அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். லேபிளைப் புகைப்படம் எடுத்து, வாட் ஹவர் கணக்கோடு விமான நிறுவனத்துக்கு அனுப்பி, "ஏற்றுக்கொள்கிறோம்" என்ற பதிலை வாங்கிய பிறகே டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது நல்லது.

நாற்காலியில் தொங்க வேண்டிய அட்டை

ஏ4 தாளில், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் அச்சிட்டு லேமினேட் செய்து முதுகுப்பகுதியில் கட்டுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எடை, அளவு, பேட்டரி வகையும் வாட் ஹவரும், எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எங்கே தூக்கக் கூடாது, கியரை விடுவிக்கும் லீவர் எந்தப் பக்கம். கடைசியில் சொன்னது மிக அவசியம். பேட்டரி நாற்காலியின் மோட்டார் பிரேக் தானாகவே பூட்டிக்கொள்ளும். லீவரைத் தள்ளி விடுவிக்காமல் இழுத்தால் டயர் தேய்ந்து, கியர்பாக்ஸும் கெடும். தள்ளும்போது லீவர் விடுவித்த நிலையிலும், விமானத்துக்குள் நிறுத்தியபின் பூட்டிய நிலையிலும் இருக்க வேண்டும். இரண்டையும் அம்புக்குறி போட்ட புகைப்படத்தோடு காட்டுங்கள். நள்ளிரவில் ஏற்றுபவர் பத்தி பத்தியாகப் படிக்கமாட்டார்.

கழன்று வரக்கூடியது எதுவும் சரக்கறைக்குப் போகக் கூடாது. குஷன், ஃபுட்ரெஸ்ட், பக்கத் தட்டு, கழற்ற முடிந்தால் ஜாய்ஸ்டிக், எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்ற முடியாத ஜாய்ஸ்டிக்கை உள்பக்கம் திருப்பி, பபிள் ஷீட் சுற்றி, அதன்மேல் கெட்டி அட்டைப்பெட்டி கவிழ்த்து டேப் ஒட்டுங்கள். ஆலன் கீ (4, 5, 6 மி.மீ.), ஸ்பானர், டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் ஆகியவை செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். கேபின் பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

விசா, மருந்து, ஹோட்டல்

இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக எடுக்கலாம். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு எனும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்கும் தளம் அதிகாரப்பூர்வமானது அல்ல.

மருந்துகளைச் சிங்கப்பூர் கடுமையாகவே பார்க்கும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்தவை, வலுவான வலிநிவாரணி போன்றவற்றில் பலவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டியிருக்கும். தண்டுவடக் காயம் உள்ளவர்கள் தசை இறுக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எடுப்பவற்றை அவர்கள் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அனுமதிக்கு நாள் பிடிக்கும், ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். 3 மாதத்துக்கு மேற்பட்ட அளவு கூடாது. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும்.

ஹோட்டலில் "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்ற பதிலை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். வாசலில் சாய்தளம் இருப்பதை மட்டுமே பலர் அப்படிச் சொல்வார்கள். குளியலறைக் கதவின் திறப்பு எத்தனை செ.மீ., குளிக்கும் இடத்தில் தடுப்புத் திட்டு இருக்கிறதா, இருந்தால் எத்தனை செ.மீ., குளியல் தொட்டியா திறந்த ஷவரா, கமோடின் உயரம் என்ன, பிடிகம்பி எந்தப் பக்கம், கமோடுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் உண்டா, கட்டிலின் உயரம் என்ன, இவற்றைக் கேளுங்கள். டேப் வைத்து எடுத்த புகைப்படமும் கேளுங்கள், நல்ல ஹோட்டல் அனுப்பும். 45 செ.மீ. இருக்கை கொண்ட நம்மூர் மடக்கு நாற்காலி வெளிப்புறத்தில் 62 முதல் 66 செ.மீ. வரும். கையால் சக்கரத்தைத் தள்ள இன்னும் 6 செ.மீ. விடுங்கள். 72 செ.மீ. கதவு நேராக நுழையப் போதும், வளைந்து நுழைய 80 வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அங்குள்ள ஹோட்டல் கழிவறைகளில் கைக்குழாய் பல இடங்களில் இருக்காது. கமோடிலிருந்து எழுந்து வாஷ்பேசினுக்குப் போக முடியாதவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிழிந்து பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றும் குளியல் மக் ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். பேட்டரி சார்ஜருக்கு மூன்று சதுர முள் உள்ள பிளக் அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் 230 வோல்ட், நம்மூர் போலத்தான்.

புறப்படும் நாள்

நாலு மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருங்கள். இதில் ஒரு மணி நேரம் பேட்டரியைப் பற்றிய கேள்விகளுக்கே போய்விடலாம். செக்-இன் கவுன்ட்டரில் வரிசையாகச் செய்யுங்கள்:

1. பேட்டரிக்கு ஒப்புதல் தந்த மின்னஞ்சலை முதலில் காட்டுங்கள்.
2. விமானத்தின் கதவுவரை சொந்த நாற்காலியிலேயே வருவதாகச் சொல்லுங்கள். கவுன்ட்டரிலேயே வாங்கிக்கொள்ள முயல்வார்கள். விமான நிலைய நாற்காலியில் குஷன் இருக்காது, மூன்று மணி நேரம் அதில் இருந்தால் புண் தொடங்கலாம். "அழுத்தப் புண் வரும், மருத்துவ காரணம்" என்று சொன்னால் பெரும்பாலும் இணங்குவார்கள்.
3. நாற்காலியில் கட்டும் டேகில், சென்றடையும் இடத்தில் விமானக் கதவிலேயே திருப்பித் தர வேண்டும் என்று குறிக்கச் சொல்லுங்கள். குறிக்காவிட்டால் அது பெட்டிகளோடு பெல்ட்டுக்குப் போய்விடும்.
4. நகரும் ஆர்ம்ரெஸ்ட் உள்ள இருக்கையா என்று உறுதிசெய்யுங்கள்.
5. டேக் கட்டியபின் நாற்காலியை நாலு பக்கமும் புகைப்படம் எடுங்கள், தேதி தெரியும்படி.

பாதுகாப்புச் சோதனையில் எழுந்து நிற்கச் சொன்னால் முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே கையால் சோதிப்பார்கள், நாற்காலியைத் துணியால் துடைத்து வெடிபொருள் சோதனை செய்வார்கள். தனி அறையும், அதே பாலினத்தவர் சோதிப்பதும் கேட்டால் கிடைக்கும்.

விமானத்துக்குள் கொண்டுபோக ஐல் சேர் என்ற குறுகிய நாற்காலி வரும். எப்படித் தூக்க வேண்டும் என்பதை உதவியாளர் கை வைக்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள்: ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்குக் கீழே கைகோத்துப் பிடிப்பார், மற்றவர் முழங்காலுக்கு அடியில், மூன்று எண்ணித் தூக்க வேண்டும். கையை மட்டும் பிடித்து இழுத்தால் தோள்பட்டை போய்விடும். ஆர்ம்ரெஸ்ட் மேலே போகவில்லை என்று யாராவது சொன்னால், அதன் அடிப்புறத்தில் கீல் அருகே சிறு பொத்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பல இருக்கைகளில் அங்கேதான் இருக்கும்.

நாலு மணி நேரம் உள்ளே

குஷனை விமான இருக்கையின் மேல் போட்டு உட்காருங்கள். காற்றடைத்த குஷன் என்றால் கவனம் வேண்டும். பறக்கும்போது கேபினின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறையும், குஷனுக்குள் இருக்கும் காற்று கால்பங்குக்கு மேல் விரியும். கல் போல இறுகினால் உட்காரும் எலும்புக்கு அடியில் அழுத்தம் ஏறும். மேலே போனதும் கொஞ்சம் காற்றை விடுங்கள், இறங்கியதும் சிறு பம்பால் நிரப்புங்கள். இறங்கியபின் நிரப்ப மறப்பவர்கள்தான் அதிகம், அப்போது குஷன் தட்டையாகி அடித்தட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். அரை மணிக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் அழுத்தத்தை விடுவியுங்கள்.

கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவது வேண்டாம். சிறுநீர்த் தொற்றும் காலில் ரத்தக்கட்டும் அங்கேதான் தொடங்கும். கதீட்டர் போடுபவர் ஏறுவதற்குச் சற்று முன் விமான நிலையக் கழிவறையில் காலிசெய்துவிட்டு, காலில் கட்டும் பையோ பெரிய பையோ இணைத்துக்கொண்டால் இந்தப் பயணத்துக்குப் போதும். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவருக்குத் திடீரென்று தலைவலி, முகத்தில் வேர்வை, ரத்த அழுத்த ஏற்றம் வந்தால் முதலில் நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இது அவசரநிலை. உடன் வருபவருக்கும் முன்பே சொல்லித்தர வேண்டியது இது.

சிங்கப்பூருக்குள்

சாங்கி நிலையத்திலிருந்து எம்ஆர்டியிலேயே நகருக்குள் போகலாம், ஆனால் முதல் நாள் பெட்டிகளோடு அந்த முயற்சி வேண்டாம். சாய்தளம் உள்ள மேக்ஸி கேப்பை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மடங்கும் நாற்காலி என்றால் சாதாரண டாக்ஸியின் டிக்கியில் வைத்துவிடலாம்.

எம்ஆர்டி, பேருந்து இரண்டிலும் ஏற்றும் நாற்காலிக்கு அளவு வரம்பு உண்டு: அகலம் 70, நீளம் 120, உயரம் 150 செ.மீ., ஆளோடு எடை 300 கிலோ. ரயிலில் ஏற நடைமேடை சமமாகவே இருக்கும். ஒரு நிலையத்தின் எல்லா வாயிலிலும் லிஃப்ட் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். எந்த வாயிலில் லிஃப்ட் என்று பெயர்ப்பலகையில் முன்பே பார்த்துக்கொண்டால், பெரிய சாலையின் தவறான பக்கத்தில் ஏறி நிற்க நேராது. காலை 7.30-9.30, மாலை 5.30-7.30 நெரிசலைத் தவிருங்கள்.

பேருந்தில் ஓட்டுநர் பார்க்கும்படி நின்று கை காட்டுங்கள். அவரே இறங்கிவந்து நடுக்கதவில் சாய்தளத்தை விரிப்பார். உள்ளே, பின்பக்கம் பார்த்து, மெத்தை வைத்த பலகையில் முதுகு படும்படி நாற்காலியை நிறுத்திப் பிரேக் போடுங்கள். இறங்க வேண்டியதை அங்குள்ள பொத்தானை அழுத்திச் சொல்லலாம்.

தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) நமக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும், ஆனால் நாற்காலிக்கு அது சுலபமான பேட்டை அல்ல. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளின் முன்நடை ஒவ்வொரு கடைக்கும் ஒரு மட்டத்தில் இருக்கும், நடுவே படி வந்து நின்றுவிடும். ஞாயிறு மாலையில் கூட்டத்தில் நாற்காலி நகராது. வார நாள் முற்பகலே நல்லது. தேக்கா சென்டரின் உணவுக் கடைகள் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஈரச்சந்தைப் பக்கம் தரை வழுக்கும். கோயிலுக்குப் போனால் சக்கரத்தைத் துடைக்க ஈரத்துணி ஒன்று கையில் இருக்கட்டும். மரினா பே கரையோரமும் கார்டன்ஸ் பை த பேயும் அரை நாள் முழுதும் தடையின்றி உருட்டக்கூடியவை. புலாவ் ஊபின் தீவுக்குப் போகும் சிறு படகில் படி இறங்கித்தான் ஏற வேண்டும், அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

மழை சொல்லாமல் வரும். ஜாய்ஸ்டிக்குக்குள் தண்ணீர் இறங்கினால் நாற்காலி அங்கேயே நின்றுவிடும், பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் எப்போதும் பையில் இருக்க வேண்டும். தண்டுவடக் காயத்தால் உடல் வேர்க்காதவர்கள் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே வைத்துக்கொள்ளுங்கள், நண்பகலில் வெளியே வேண்டாம். ஆம்புலன்ஸ் எண் 995.

நாற்காலி உடைந்து வந்தால்

விமானக் கதவில் நாற்காலி வந்ததும், அதில் மாறி உட்காரும் முன்பே சக்கரம், பிரேக், ஜாய்ஸ்டிக், சட்டம் எல்லாவற்றையும் பாருங்கள். சேதம் இருந்தால் அங்கேயே புகைப்படம் எடுத்து, பெட்டிகள் வரும் கூடத்தைவிட்டு வெளியேறும் முன் பிஐஆர் எனும் சேத அறிக்கையைப் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். வெளியே வந்தபின் சொன்னால், சேதம் டாக்ஸியில் நேர்ந்திருக்கலாம் என்ற பதில் வரும். பழுது தீரும்வரை மாற்று நாற்காலி தரச் சொல்லி அதே கவுன்ட்டரில் எழுத்தில் கேளுங்கள்.

இந்தியாவும் சிங்கப்பூரும், விமானப் பயண இழப்பீடு பற்றிய மாண்ட்ரியல் உடன்படிக்கையில் உள்ளன. அதன்படி சேதம் குறித்த எழுத்துப் புகார், பொருளைப் பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். பிஐஆர் பதிந்திருந்தாலும் தனியாக மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பயணப் பெட்டிகளுக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). நம் பணத்தில் அது ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய்தான், நாற்காலியும் இந்த வரம்புக்குள்தான் வரும். உங்கள் நாற்காலி அதைவிட விலை கூடியது என்றால் செக்-இன் போதே சிறப்பு மதிப்பு அறிவிப்பு செய்து, கேட்டால் கூடுதல் கட்டணம் கட்டி, அதற்கான தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். அது முடியாதபோது பயணக் காப்பீட்டில் நாற்காலியைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நாற்காலி வாங்கிய ரசீது தேவைப்படும், அதன் நகல் கைபேசியில் இருக்கட்டும்.

திரும்பி வரும் விமானத்துக்கும் பேட்டரி ஒப்புதல், குறியீடு, டேக் எல்லாம் தனியாக வேண்டும். போகும்போது கொடுத்த விவரம் திரும்பும் டிக்கெட்டில் தானாக ஏறியிருக்கும் என்று எண்ணாமல், புறப்பட 48 மணி நேரம் முன்பு சிங்கப்பூரிலிருந்தே ஒரு முறை எழுதி உறுதிசெய்யுங்கள்.